நூத்தெம்பது அண்ணாச்சி

ரத்தக்கொதிப்பு வந்த மனுசங்கள்ல ரெண்டு வகை உண்டுங்க. கொதிப்பு வந்து, டாக்டர் சொன்ன மாத்திரையத் தின்னுட்டு, தன் சோலியப் பாத்துக்கிட்டுப் போறவங்க ஒரு வகை. அவங்களப் பத்திப் பேச ஒண்ணுமே இல்ல, பாவம், நல்லா இருக்கட்டும். இன்னொரு வகை இருக்கே, அது கொதிப்ப நோயாவே நெனைக்காது. பட்டமா நெனைக்கும். ராவ்பகதூர், திவான்பகதூர் எல்லாம் வெள்ளக்காரனோட கப்பலேறிப் போன பொறவு, நம்ம ஊருல மிச்சம் இருக்க ஒரே பட்டம் பிரஷர்தான்னு அதுக்கு ஒரு நெனப்பு.

எப்படி அடையாளம் கண்டுபிடிக்கன்னு கேக்கீங்களா? நீங்க தேடவே வேண்டாம், அது ஒங்களத் தேடி வரும். கல்யாண வீட்டுப் பந்தியில எல போட்டு, ஓரத்துல உப்பு வைக்க ஒருத்தன் குனிவான் பாருங்க, அப்பம் "வைக்காத! வைக்காத! எனக்கு உப்பு கூடாது!"ன்னு, என்னமோ எலையில பாம்ப விட வந்தவனத் தடுக்குத மாதிரி ஒரு சத்தம் வரும். பந்தி பூரா திரும்பிப் பாக்கும். எதுத்த வரிசையில உள்ளவரு, "ஏன் அண்ணாச்சி?"ன்னு கேப்பாரு. அவ்வளவுதான். கேட்டவரு சாம்பாரும் சாப்பிடல, பாயாசமும் சாப்பிடல.

நம்ம பால்வண்ணநாதன் அண்ணாச்சி அந்த வகையில ரொம்ப ஒசத்தியான சரக்கு. தென்காசியில, தெக்கு மாசி வீதியில வீடு. ரெவின்யூ இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. உத்தியோகத்துல இருந்த காலத்துல அவரு தெருவுல நடந்தா நாலு பேரு துண்ட இடுப்புல இறக்கிக் கட்டுவான். ரிட்டயர் ஆனாரா, அடுத்த வாரமே ஒருத்தன் சைக்கிள் மணி அடிச்சு அவர ஓரமாப் போகச் சொன்னான். வாசகசாலையில பேப்பரு இவரு கைக்கு மூணாவதா வந்துச்சு. வீட்டுல, "சாப்பாடு எடுத்து வைக்கவா?"ன்னு கேட்டுக்கிட்டிருந்த சத்தம், "சாப்பாடு மூடி வச்சிருக்கு"ன்னு ஆயிருச்சு. மனுசன் வாடிப் போனாரு. பின்ன வாடாம? சொல்லுங்க!

அந்த நேரத்துலதான் டாக்டர் நம்பிராஜன் அவரு கையில பட்டையக் கட்டிக் காத்தடிச்சு, பாதரசத்தப் பாத்துட்டு, "நூத்தி எண்பது இருக்கு அண்ணாச்சி, ஜாக்கிரதையா இருக்கணும்"னு சொன்னாரு. வேற ஆளா இருந்தா பயந்திருப்பான். அண்ணாச்சி நிமிந்து உக்காந்தாரு. நூத்தி எண்பது! அவரு கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்வி. "இந்த ஏரியாவுல இதுக்கு மேல யாருக்கும் இருக்கா டாக்டர்?"

டாக்டர் சின்ன வயசுக்காரரு, மெட்ராசுல படிச்சிட்டுச் சொந்த ஊருலதான் வைத்தியம் பாப்பேன்னு வந்தவரு. அக்கறையா எடுத்துச் சொன்னாரு. "அண்ணாச்சி, எண்ணு ரெண்டு உண்டு. நெஞ்சு சுருங்கி ரத்தத்தத் தள்ளும்போது மேல உள்ளது. நெஞ்சு தளந்து ஓய்வெடுக்கும்போது கீழ உள்ளது. ரெண்டையும் பாக்கணும்."

அண்ணாச்சி கீழ உள்ளத மதிக்கவே இல்ல. மேல உள்ளது தாசில்தாரு, கீழ உள்ளது கிளார்க்கு. கிளார்க்க யாரு விசாரிக்கா?

டாக்டர் விடல. "வயலுக்குப் போற வாய்க்கால நெனைச்சுக்கிடுங்க. தண்ணி ரொம்ப வேகமாப் போனாலும் வெளிய பாக்கதுக்கு ஒண்ணும் தெரியாது. கரை உள்ளுக்குள்ள கரைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒருநாள் ஒடையும். ஒடைஞ்ச பொறவுதான் ஊருக்குத் தெரியும். மூளைக்குப் போற வாய்க்கா ஒடைஞ்சா ஒரு கையும் காலும் போயிரும். நெஞ்சும் கெடும், கிட்னியும் கெடும். வலிக்காது, குடையாது, சத்தமே போடாது. அதான் இதுல உள்ள மோசம்."

எவ்வளவு நல்ல மனுசன், எவ்வளவு அழகாச் சொன்னாரு! அண்ணாச்சி அத அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிட்டாரு. பண்ணி என்ன செஞ்சாரு? சாயங்காலம் கோயில் மொட்டைக் கோபுர வாசல்ல, அந்தப் பொதிகைக் காத்து வேட்டியப் பிடுங்கிட்டுப் போற மாதிரி அடிக்கும்லா, அங்கன காத்து வாங்க வந்தவங்களயெல்லாம் நிறுத்தி வச்சு வசனம் பேசுனாரு. "ஒருநாள் ஒடையும் வே! ஒடைஞ்ச பொறவுதான் ஊருக்குத் தெரியும்!" கேட்டவங்க "அய்யய்யோ"ன்னாங்க. அந்த 'அய்யய்யோ' இருக்கே, அது கீழ எறக்கிக் கட்டுன துண்டு மாதிரி இருந்துச்சு அவருக்கு. உத்தியோகம் திரும்பி வந்துட்டு. ஊருல அவரு பேரே 'நூத்தெம்பது அண்ணாச்சி'ன்னு ஆயிருச்சு.

வீட்டுல கேக்கவே வேண்டாம். பால்காரன் தண்ணி ஊத்துனா பிரஷர். ஊத்தலன்னா, வெலையக் கூட்டப் போறான்னு பிரஷர். அடுத்த வீட்டு ரேடியோவுக்குப் பிரஷர். மக சொக்கம்மா, பள்ளிப் படிப்ப முடிச்ச பொண்ணு, பாளையங்கோட்டையில டீச்சர் டிரெயினிங்குக்குப் போகணும்னு ஆசப்பட்டு, கதவுப் பக்கமா நின்னு, "அப்பா, அந்த டிரெயினிங்கு..."ன்னு ஆரம்பிப்பா. ஒடனே அண்ணாச்சி கை பிடரிக்குப் போகும். கண்ணு பாதி மூடும்.

"ஏட்டி வடிவு... பிடரிய இழுக்குட்டி..."

அடுக்களையில இருந்து முத்துவடிவு ஓடி வருவா. ஒரு கையில விசிறி, ஒரு கையில மோரு. மக அந்தப் பேச்ச அப்படியே முழுங்கிட்டு உள்ள போயிருவா. இப்படி எத்தன தடவன்னு கணக்கே இல்ல. பிடரியில கை வச்சே ஒரு வீட்ட ஆண்ட மனுசன் வேற யாரு இருக்கா?

அவரு பத்தியத்தச் சொல்லலன்னா பாவம் பிடிக்கும். உப்பு? கிட்டயே வரக் கூடாது. அவருக்குன்னு தனியா உப்பில்லாத சாம்பார், உப்பில்லாத ரசம், உப்பில்லாத பொரியல். எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாக் கொதிக்க வைக்கணும் முத்துவடிவு. எலைக்கு முன்னால உக்காந்து ஒரு வாய் வைப்பாரு, மொகம் கோணும், "மனுசன் திம்பானா இத?"ன்னு கிண்ணத்தத் தள்ளுவாரு. தள்ளிட்டு? மோருஞ்சோறு. மோருஞ்சோத்துக்கு நார்த்தங்கா. நார்த்தங்கா தீந்தா மோர்மிளகா வத்தல். அதுக்கும் மேல ஒரு அப்பளம், ரெண்டாவது அப்பளம், 'சின்னதா இருக்கு'ன்னு மூணாவது அப்பளம். உப்புக்கும் அவருக்கும் சம்பந்தமே கெடையாது பாத்துக்கிடுங்க!

அவரு தள்ளுன கிண்ணத்த என்ன செய்ய? கொட்ட மனசு வருமா? எல்லாரும் சாப்பிட்ட பொறவு, முத்துவடிவு அந்த உப்பில்லாத சாம்பாரப் பழைய சோத்துல ஊத்திக்கிட்டு, தொண்டையில எறங்கதுக்குக் கூட நாலு துண்டு நார்த்தங்காயக் கடிச்சுக்கிட்டு, அடுப்பங்கரையில நின்னுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சிருவா.

மாசத்துக்கு ஒரு தடவ அண்ணாச்சி டாக்டர்ட்டப் போவாரு. முத்துவடிவும் கூடப் போகணும். எதுக்கு? அண்ணாச்சி சட்டையக் கழட்டுவாருல்லா, அத வாங்கிப் பிடிக்கணும். உள்ள அவரு கைய நீட்டிக்கிட்டு ராசா மாதிரி உக்காந்திருப்பாரு. அவ கதவுக்கு வெளிய, கையில சட்டையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பா. டாக்டர் ஒருநா பாத்துட்டு, "மதினி, நின்னுக்கிட்டே இருக்கீகளே, அந்தப் பெஞ்சுல உக்காருங்க"ன்னாரு. "இருக்கட்டும், சட்ட கசங்கிரும்"னா அவ.

அந்த வருஷம் சாரல் நல்லா விழுந்துச்சு. அண்ணாச்சி குத்தாலத்துல ஒரு பங்களாவுல பாதிய வாடகைக்குப் பிடிச்சுக் குடும்பத்தோட போய் இறங்குனாரு. அவருக்கு ஒரு கொள்கை. மெயினருவியில தல கொடுத்து நின்னா, மேல இருந்து விழுத தண்ணி ஏறுன ரத்தத்தக் கீழ தள்ளிரும். டாக்டர்ட்டயே இதச் சொன்னாரு.

"அப்பம் குளிச்சிட்டு வாரவங்க எல்லாருக்கும் காலு வீங்கணுமே அண்ணாச்சி"ன்னாரு டாக்டர்.

"ஒமக்கு இங்கிலீசு வைத்தியந்தான் தெரியும். ஒடம்ப ஆறப் போட்டுக் குளிச்சுப் பாரும், தெரியும்."

பங்களாவோட மறுபாதியில சுரண்டையில ஜவுளிக்கட வச்சிருக்க செல்லச்சாமி இறங்கியிருந்தாரு. நல்ல தடி, நல்ல குரல், பெரிய கடை. இவ்வளவு இருந்தும் என்ன? அண்ணாச்சி மதிக்க மாட்டாரு. ஆனா முத நாளே காப்பி குடிக்கையில செல்லச்சாமி சொன்னாரு, "எனக்கும் பிரஷர்தான் அண்ணாச்சி. நூத்தி எழுவது."

அண்ணாச்சி டம்ளரக் கீழ வச்சாரு.

"நூத்தி எழுவதா? அதெல்லாம் ஒரு பிரஷரா வே? நான் எழுவதுல இருந்தப்போ ஐந்தருவிக்கு நடந்தே போயிட்டு வந்தேன்."

"எனக்குக் கிறுகிறுப்பும் உண்டு."

"எனக்குப் பிடரிய இழுக்கும்."

"எனக்குக் காதுக்குள்ள வண்டு கத்தும்."

"வண்டு எல்லாருக்கும் கத்தும்! குத்தாலத்துல கத்தாம வேற எங்கன கத்தும்?"

பாருங்க, ரெண்டு பேரும் வயசான மனுசங்க. சந்தையில மாட்டுக்குப் பல்லுப் பிடிச்சுப் பாக்குத மாதிரி அவனவன் சீக்க அவனவன் ஏலம் விடுதான். இப்படியே மூணு நாளாச்சு. ரெண்டு பேரும் பேச்ச நிறுத்தல.

ஞாயித்துக்கிழம டாக்டர் நம்பிராஜன் குளிக்க வந்தாரு. பாவம், எண்ணெ தேய்ச்சு, அருவியில நின்னு, சுகமாத் தல துவட்டிக்கிட்டு வாரவர, பங்களா வராந்தாவுல நின்னுக்கிட்டு அண்ணாச்சி மடக்கிட்டாரு. வண்டியில பை இருக்கு, பையில மெஷின் இருக்குன்னு அவருக்குத் தெரியும்.

"டாக்டர்! ஒரு வழக்கு. நீருதான் தீத்து வைக்கணும்."

டாக்டர் சிரிச்சிட்டாரு. சரின்னு மெஷின எடுத்து மேசையில வச்சாரு. "ஆனா ஒரு நிபந்தன. ரெண்டு பேரும் செத்த நேரம் பேசாம, கோவப்படாம, சும்மா உக்காரணும். கோவமா இருக்கையில பாத்தா சரியாக் காட்டாது."

சும்மா உக்காரணுமா? அண்ணாச்சிக்குத் திக்குனு ஆயிருச்சு. வெளிய பூந்தூறல். காத்துல குளிர்ச்சி. ஒடம்புல எண்ணெ தேய்ச்ச சுகம். இந்த நெலமையில பாத்தா எண்ணு கொறைஞ்சு போயிருமே! மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? கண்ண மூடிக்கிட்டு, தன்னோட பழைய தாசில்தார நெனைச்சாரு. தன்ன எல்லாரு முன்னாலயும் "பைலு எங்கய்யா?"ன்னு கத்துன அந்த மொகத்தக் கஷ்டப்பட்டு நெனவுக்குக் கொண்டு வந்தாரு. எங்க? சாரல் காத்து தாசில்தாரக் கரைச்சிட்டுப் போயிட்டு.

முதல்ல செல்லச்சாமிக்குக் கட்டுனாரு. நூத்தி எழுவத்தாறு.

பொறவு அண்ணாச்சி சட்டையக் கழட்டி, பாக்காமலே பின்னால நீட்டுனாரு. முத்துவடிவு வாங்கிக் கையில போட்டுக்கிட்டா. டாக்டர் காத்தடிச்சாரு, எறக்குனாரு, மறுபடி ஒரு தடவ பாத்தாரு, மொகம் மலந்து, "நூத்தி அறுவத்தி நாலு! கொறைஞ்சிருக்கே அண்ணாச்சி! ரொம்ப சந்தோசம்!"னாரு.

சந்தோசமா? அண்ணாச்சி மொகத்தப் பாக்கணுமே. சொத்து ஏலத்துல போன மாதிரி.

"என்ன அண்ணாச்சி"ன்னு செல்லச்சாமி மீசையத் தடவுனாரு, "இனும ஒங்கள நூத்தி அறுவத்தி நாலு அண்ணாச்சின்னு கூப்பிடவா? நீளமா இருக்கே!"

"மெஷின்ல கோளாறு!"ன்னு கத்துனாரு அண்ணாச்சி. "தூத்தல்ல நனைஞ்சிருக்கு. டாக்டர், நான் நிரூபிச்சுக் காட்டுதேன். ஒண்ணுமே இல்லாத ஆளுக்குக் கட்டிப் பாரும், மெஷினோட லட்சணம் தெரிஞ்சிரும். ஏட்டி வடிவு! இங்கன வா!"

"எனக்கு எதுக்குங்க? அடுப்புல ஒல கொதிக்கு."

"வாட்டின்னா! டாக்டர், இவளுக்கு ஒரு நோயும் கெடையாது. ஒரு நாளு படுத்தது கெடையாது. ஒரு சத்தம் கெடையாது. நூத்தி இருவது காட்டலன்னா ஒம்ம மெஷினத் தூக்கிச் சித்தாத்துல போடும்!"

முத்துவடிவு கூச்சத்தோட வந்து ஸ்டூல் நுனியில உக்காந்தா. எந்தக் கைய நீட்டணும்னு அவளுக்குத் தெரியல. எத்தனையோ தடவ பாத்தவதான், ஆனா கதவுக்கு வெளிய நின்னுலா பாத்தா? வலது கையில அண்ணாச்சி சட்ட தொங்குது. அத எடுத்து மெதுவா எடது கையில மாத்திக்கிட்டு, வலது கைய நீட்டுனா.

டாக்டர் சிரிச்ச மொகத்தோட காத்தடிச்சாரு. காதுல குழாய வச்சுக்கிட்டு எறக்குனாரு. பாதி எறக்கையிலயே சிரிப்பு போயிட்டு. மறுபடி அடிச்சாரு. இந்தத் தடவ ரொம்ப ஒசரத்துக்கு அடிச்சாரு.

"எவ்வளவு?"ன்னாரு அண்ணாச்சி.

"இருநூத்தி இருவது."

அண்ணாச்சி கையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சாரு. "பாத்தீகளா! நான் என்ன சொன்னேன்! இவளுக்கு இருநூத்தி இருவதாம்லா! வே செல்லச்சாமி, ஒம்ம எழுவத்தாறையும் சேத்துக் குப்பையில போடும்! மெஷின் கோளாறு! கோளாறு!" வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு மனுசன்.

கூட யாரும் சிரிக்கல.

டாக்டர் பட்டைய அவுத்துத் தன் கையிலயே கட்டிக்கிட்டாரு. காத்தடிச்சுப் பாத்தாரு. "நூத்திப் பதினெட்டு. மெஷின் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி"ன்னாரு. பொறவு முத்துவடிவு பக்கமாத் திரும்பி, "மதினி, தல வலிக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னா முத்துவடிவு.

"வலிக்கும் டாக்டர்"ன்னு கதவுப் பக்கம் இருந்து ஒரு சத்தம். சொக்கம்மா. "விடியக்காலம் எந்திரிக்கையிலயே வலிக்கும். துணியக் கிழிச்சுத் தலையச் சுத்தி இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் அடுப்பப் பத்த வப்பாங்க. அப்பா எந்திரிக்கதுக்கு முன்னால அவுத்துருவாங்க. போன மாசம் கோலம் போடும்போது புள்ளி ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னாங்க. நான் அப்பாட்டச் சொல்ல வந்தேன். அப்பாக்கு அன்னைக்குப் பிடரிய இழுத்துச்சு."

டாக்டர் மெதுவாத்தான் சொன்னாரு. "மதினி, நீங்க இனும உப்பு தொடக் கூடாது. மாத்திரை தாரேன், ஒரு நாளும் தவற விடக் கூடாது. தல வலிச்சாலும் சரி, வலிக்காட்டாலும் சரி. நல்லாத் தூங்கணும். தண்ணிக் கொடம் தூக்கக் கூடாது. வீட்டுல யாரும் சத்தம் போடாமப் பாத்துக்கிடணும்."

"எங்க வீட்டுல யாரு சத்தம் போடுதா?"ன்னாரு அண்ணாச்சி.

எல்லாரும் அவரயே பாத்தாங்க.

அப்பந்தான் அண்ணாச்சிக்கு அந்த வசனம் ஞாபகம் வந்துச்சு. கோபுர வாசல்ல அத்தன தடவ, அத்தன ருசியாப் பேசுன அதே வசனம். வெளிய பாக்கதுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தமே போடாது. ஒருநாள் ஒடையும். ஒடைஞ்ச பொறவுதான்... அவரு முத்துவடிவப் பாத்தாரு. அவ ஸ்டூல்ல இருந்து எந்திரிக்கப் பாக்கா. "ஒல கொதிக்கு, அரிசி போடணும்"னு சொல்லுதா. "உக்காருங்க மதினி"ன்னு டாக்டர் சொல்லுதாரு. உக்காரத் தெரியாம பாதி எந்திரிச்சும் பாதி உக்காந்தும் நிக்கா. அப்பமும் அந்தச் சட்ட கசங்கிராமக் கையத் தூக்கியே வச்சிருக்கா.

அண்ணாச்சி பக்கத்துல போயி, அவ கையில இருந்து அந்தச் சட்டைய வாங்கிப் போட்டுக்கிட்டாரு. பித்தான் மாறி மாட்டிருச்சு. அது கெடக்கட்டும். அடுக்களைக்குப் போயி ஒலையில அரிசியக் கொட்டுனது அவருதான். கொஞ்சம் கீழயும் கொட்டிருச்சு, அதையும் சொல்லிரணும்.

இதோட மனுசன் திருந்திட்டாருன்னு முடிச்சிரலாம்னு பாத்தா, இந்த வகை அவ்வளவு லேசுல திருந்துமா?

தென்காசிக்குத் திரும்பி வந்தாங்க. வந்த ஒடனே அண்ணாச்சி, தெருவுல சத்தம் போட்டவனயெல்லாம், முத்துவடிவுக்குப் பிரஷர் இருக்குன்னு அதவிடப் பெரிய சத்தத்துல அடக்குனாரு. "ஏலே! உள்ள பேஷண்டு இருக்கால்லா! மெதுவாப் பேசுலே!" மெதுவாப் பேசச் சொன்ன அந்தச் சத்தத்துல கோயில் புறா பறந்துச்சு. முத்துவடிவுதான் வெளிய வந்து, "நீங்க மொதல்ல உள்ள வாங்க"ன்னா.

ஒருநா அஞ்சறைப்பெட்டியில கடுகு தேடுனாரு அண்ணாச்சி. இப்பம் அவருதான் தாளிக்கது, கருகும். பெட்டியில ஒரு அறையில கடுகு, ஒரு அறையில வெந்தயம், ஒரு அறையில முத்துவடிவோட மாத்திரை. பூரா அப்படியே இருக்கு.

"இது என்னட்டி?"

"தல வலிக்கலியே, அதான் எடுத்து வச்சிருக்கேன். ஒங்களுக்குத் தேவப்படும்லா?"

அண்ணாச்சிக்கு ஏறுச்சு பாருங்க கோவம்! கை தன்னால பிடரிக்குப் போச்சு. பாதி வழியில அதுவே கீழ எறங்கிருச்சு. மெதுவாக் கேட்டாரு, "டாக்டர் உப்பையும் விடச் சொன்னாரே, அதயாவது விட்டியா?"

அவ்வளவு காலமும் அந்த வீட்டுல ஒருத்தர் கேள்வி கேப்பாரு, ஒருத்தி ஓடுவா. அன்னைக்கு முத்துவடிவு ஓடல. சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு அப்படியே நின்னா.

"நீங்க விட்டீகளா?"

"நானா? நான் உப்ப விட்டு எத்தன வருஷமாச்சு!"

"அந்தச் சாடி நார்த்தங்காய யாரு தின்னு தீக்கா? மோர்மிளகாய யாரு தீக்கா?"

"அது ஊறுகாய்லா?"

"ஊறுகாய நான் எதுல போடுதேன்? சீனியிலயா?"

எத்தன வருஷமா ஊருக்கே பிரஷர் பாடம் எடுத்த மனுசனுக்கு இது தோணவே இல்ல. ஒங்களுக்கு மொதல்லயே தோணியிருக்கும். மத்தவங்க எலையில உள்ள உப்பு நமக்கு எப்பவும் நல்லாத் தெரியுமே!

"நீங்க விட்டா நானும் விடுதேன்"னா அவ. "நீங்க மாத்திரை தின்னா நானும் திங்கேன். தனியா என்னால ஆகாது."

அன்னைக்குச் சாயங்காலம் பால்வண்ணநாதன் அண்ணாச்சி இடுப்புல ஒரு பெரிய சீனாச்சாடிய வச்சுக்கிட்டு, கைக்கொழந்தைய எடுத்துட்டுப் போற மாதிரி, அடுத்த தெருவுல உள்ள மச்சினன் வீட்டுக்குக் கொடுக்க நடந்து போனாரு. வழியில பூக்கடை பேச்சிமுத்து, "என்ன அண்ணாச்சி, சாடியோட? ஒடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேட்டான். எப்பேர்ப்பட்ட கேள்வி! அதுக்கு அவரு அரை நாளு பதில் சொல்லுவாரே!

"ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

மறுநாள்ல இருந்து ரெண்டு பேரும் சேந்து உக்காந்து, ஒரே உப்பில்லாத சாம்பார ஊத்தி, ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு முழுங்குனாங்க. மொத நாளு மருந்து குடிக்குத மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாள்ல எலுமிச்சம்பழம் பிழியப் படிச்சாங்க. மாத்திரையும் அப்படித்தான், அவரு வாயில போட்டுத் தண்ணி குடிச்சுக் காட்டுனாத்தான் அவளும் போடுவா. பொங்கலுக்கு முன்னால டாக்டர் வந்து பாத்தாரு. முத்துவடிவுக்கு நூத்தி அம்பத்தெட்டு. டாக்டருக்கே கண்ணு கலங்கிட்டு. "இப்படியே விடாமக் கொண்டு போகணும் மதினி, நல்லாயிட்டுன்னு நிறுத்திரக் கூடாது"ன்னாரு. வாசப்படிக்கு வந்த அண்ணாச்சி மெதுவாக் கேட்டாரு, "டாக்டர், இந்தக் கீழ உள்ள எண்ணு... அதையும் சொல்லும்." கிளார்க்குக்கும் மதிப்பு வந்துட்டு பாத்தீங்களா!

கோபுர வாசல்ல பேச்ச விட்டுட்டாரான்னு கேக்கீங்க. விடுவாரா? "எங்க வீட்டுல இருநூத்தி இருவது! நூத்தி அம்பத்தெட்டுக்குக் கொண்டாந்துட்டோம்!"னு இப்பமும் சொல்லுதாரு. 'கொண்டாந்துட்டோம்'. அந்த 'டோம்'ல அவருக்கு ஒரு பங்கு இருக்கத்தான் செய்யுது, கொடுத்துருவோம்.

இன்னொண்ணு. சித்திர மாசம் சொக்கம்மா மறுபடி கதவுப் பக்கம் வந்து நின்னா. "அப்பா, அந்த டிரெயினிங்கு..."ன்னா. பழக்க தோசம், அண்ணாச்சி கை பிடரிய நோக்கிக் கெளம்புச்சு. அது போய்ச் சேரதுக்கு முன்னால, எதுத்தாப்புல கீர ஆஞ்சுக்கிட்டிருந்த முத்துவடிவு, கீரைய வச்சிட்டு, தன் கையத் தன் பிடரியில வச்சா. கண்ண லேசா மூடுனா.

"போயிட்டு வா, போயிட்டு வா தாயி! நாளைக்கே போ!"ன்னு அலறுனாரு அண்ணாச்சி.

அன்னைக்கு அவளுக்கு நெசமாவே பிடரி வலிச்சுதா இல்லியான்னு யாருக்கும் தெரியாது. அவ சொல்லல. சொல்லுத பழக்கந்தான் அவளுக்குக் கெடையாதே. ஆனா மக பெட்டியோட பஸ் ஏறுன அன்னைக்கு, அவ நார்த்தங்கா இல்லாமலே ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டா. உக்காந்து சாப்பிட்டா.

நீங்க சிரிக்கீங்க, தெரியுது. யாரோ தென்காசிக்காரரு, நமக்கென்னன்னு கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஒங்களுக்குப் பிரஷர் உண்டா, மாசாமாசம் ஒழுங்காப் பாக்கீங்களா, உப்பக் கொறைச்சிட்டீங்களா, ரொம்ப நல்லது, நீங்க பொறுப்பான ஆளுதான். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். போன தடவ டாக்டர் முன்னால நீங்க கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அப்பம் ஒங்க சட்டைய யாரு வாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா?

அந்தக் கையில என்னைக்காவது பட்டையக் கட்டிப் பாத்தீங்களா?